220ஆம் எண் பச்சை

எங்கள் சாயப்பட்டறையில் விஞ்ச் மிஷின் சத்தம் நின்றபோது எனக்கு நாற்பத்து நாலு வயது. 2011 ஜனவரிக் கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. கழிவுநீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் புழங்காத பட்டறை எதுவும் ஓடக் கூடாது என்றார்கள். திருப்பூரைச் சுற்றி எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளுக்கு மின்சாரம் போனது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்தவன் எவனும் அந்த உத்தரவைத் தப்பென்று சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷமாக விடியற்காலையில் எழுந்து, ஈரத் துணியைப் பிழிந்து, ஷேடு சரியா என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திடீரென்று பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

அந்த மாசியில் காங்கேயம் பக்கம் ஒரு சீருக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்தபோது, கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல மரத்தடியில் ஒரு லாரி நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. நாலு சக்கரமும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. நீளமான பானெட்டின் மேல் இரண்டு கோழிகள் உட்கார்ந்திருந்தன. மட்கார்டில் மேலே ஏதோ நீலம், அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே பெயர்ந்த இடத்தில் ஒரு பச்சை. அந்தப் பச்சையில்தான் என் கண் நின்றது.

தோட்டத்துக்காரர் அரிசி ஆலை வைத்திருந்தவர். "தொண்ணூறுகள்ல மிலிட்டரி ஏலத்துல எங்க ஐயன் எடுத்ததுங்க. மழைக்காலத்துல டிராக்டரே சிக்கிக்கிற எடத்துல இது தேங்கா லோடு ஏத்திட்டுப் போயிருமுங்க. என்ன பண்றது, பெட்ரோலக் குடிச்சே எங்க ஐயனக் கடங்காரனாக்கிப் போடுச்சு" என்றார். பழைய இரும்புக்காரன் சொல்லியிருந்த விலையைக் கேட்டேன். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, ஆர்சி புத்தகத்தோடு வாங்கிக்கொண்டேன். இன்னொரு லாரியின் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது வீட்டில் கேட்டது ஒரே கேள்விதான். "ஏனுங்க, பட்டறை நின்னா நின்னுட்டுப் போவுது, அதுக்காக இரும்புக் கடையா வைக்கப் போறீங்க?"

டேஷ்போர்டைத் துடைத்ததும் ஜபல்பூர் வெஹிக்கிள் ஃபாக்டரியின் தகடு தெரிந்தது. ராணுவத்தில் 'நிசான் ஒன் டன்' என்று சொல்கிற வண்டி. நம் ராணுவத்துக்கு வண்டி இங்கேயே செய்ய வேண்டும் என்ற முனைப்பு வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு சேர்ந்து சக்திமான் லாரி 1959இல் வெளிவந்தது. ஜப்பானின் நிசானோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் இந்த ஒரு டன் வண்டியும், பிறகு ஜோங்காவும் வந்தன. ஜோங்கா என்றதும் ஏதோ ஜப்பான் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி' என்பதன் சுருக்கம்தான் அது. ஜோங்காவின் எஞ்சினும் இதன் எஞ்சினும் ஒன்றே: ஆறு சிலிண்டர், 3956 சிசி, பெட்ரோல்.

பெட்ரோல் என்று சொன்னதுமே யோசனை சொல்ல ஊரில் ஆள் குவிந்துவிட்டது. "407 எஞ்சினத் தூக்கி வைங்க, டீசல்ல ஓட்டுங்க" என்று சொல்லாதவர் கிடையாது. கொங்கு நாட்டில் எந்த எஞ்சினையும் எந்த வண்டிக்குள்ளும் உட்கார வைக்கத் தெரிந்த மேஸ்திரிகள் உண்டு; சொன்னவர்கள் தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வண்டி தேவைப்படவில்லை. எனக்கு வேலை தேவைப்பட்டது. எஞ்சினை மாற்றினால் வேலை ஒரு மாதத்தில் முடிந்துபோகும்.

ஏர் கிளீனருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. எஞ்சின் இறுகிக் கிடந்தது. ஆறு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பதினைந்து நாள் விட்டுவிட்டு, முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் அசையவில்லை. இன்னொரு பதினைந்து நாள். ஒரு ராத்திரி கால்வாசி சுற்று வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பிக் காட்டினேன். அவர்கள் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

ஹவில்தார் அண்ணன் வந்து சேர்ந்தது அப்போதுதான். எங்கள் தெருமுனையில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷிப்ட் முடிந்து டிபன் கேரியரோடு போனவர், காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு சைக்கிளை நிறுத்தினார். கேட்டைத் திறக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கால்கள் இரண்டும் பெடலில் இருக்க, கையை கியர் ராடின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சார், தேஜ்பூர்ல நான் ஓட்டினதும் இதே மாதிரிதான் சார், ஃபர்ஸ்ட் கியர் இப்பிடித்தான் வழுக்கும்" என்றார்.

அன்று முதல் வாரத்தில் நாலு நாள் வந்தார். ஸ்பேனர் பிடித்து வேலை செய்தது குறைவு. எதைத் தொடக் கூடாது என்று சொன்னதுதான் அதிகம்.

எஞ்சினைப் பிரித்து பிளாக்கைக் கோவை கணபதிக்கு ஏற்றிப்போனோம். அங்கே ஒரு லேத் பட்டறைக்காரர். மோட்டார் பம்புக்கு உதிரி செய்கிறவர், பழைய எஞ்சின் என்றால் பணத்தைப் பற்றிப் பேசாமல் முதலில் அளவைப் பற்றிப் பேசுகிற ஆள். டயல் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தவர், "இது ஜப்பான் வண்டின்னு சொன்னீங்களேங்க?" என்றார்.

"ஆமாங்க, நிசான்."

"அளவு அப்படிச் சொல்லலீங்களே."

எஞ்சின் புத்தகத்தில் இருந்த கணக்கு: போர் 85.7 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 114.3 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் புழங்குகிறவன் புதிதாக ஒரு எஞ்சின் வரைந்தால் 85 என்று வைப்பான், 115 என்று வைப்பான். இந்த .7ம் .3ம் எங்கிருந்து வந்தன? அவர் சுவரில் பென்சிலால் 25.4ஆல் வகுத்துக் காட்டினார். "மூணு அங்குலம் மூணு நூலு. ஸ்ட்ரோக்கு சரியா நாலரை அங்குலம். அங்குலத்துல வரைஞ்சவன் எவனோ ஒருத்தன் இருக்கறானுங்க."

திருப்பூர்க்காரனுக்கு நூல் என்றால் முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர். லேத்காரருக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. அவர் நூலைப் பிடித்துக்கொண்டு நான் பிறகு தேடிப் படித்தேன். 1930களில் நிசான், டெட்ராய்ட்டில் கார் செய்துகொண்டிருந்த கிரஹாம்-பெய்ஜ் கம்பெனியிடம் கார் வடிவமைப்பையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் வாங்கியிருக்கிறது. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் வம்சத்தில், வால்வுகள் தலைக்கு மேல் ஏறிப் பின்னால் வந்ததுதான் ஜபல்பூர் வண்டிகளில் இருக்கும் 'பி' எஞ்சின். அமெரிக்காவின் அங்குலம் யோகோஹாமா போய், ஜபல்பூர் வந்து, கணபதியில் ஒரு லேத்துக்காரர் சுவரில் பிடிபட்டது. அளவை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடித்த மனிதர் பத்தாவது தாண்டாதவர்.

பழைய போர் மூன்று சிலிண்டரில் ஓவலாகத் தேய்ந்திருந்தது. ஆறுக்கும் ஸ்லீவ் இறக்கி, பழையபடி ஸ்டாண்டர்ட் அளவுக்குக் கொண்டுவந்தார். பிஸ்டன் கிடைப்பதில்தான் அடி வாங்கினேன். வடக்கே ஒரு கடைக்காரரிடம் போனில் பேசி, முன்பணம் அனுப்பி, பார்சல் லாரியில் வந்து இறங்கிய பெட்டியைப் பிரித்தால் வேறு ஏதோ எஞ்சினின் பிஸ்டன்கள். பின் ஓட்டையே பொருந்தவில்லை. அந்த நம்பர் அதற்கப்புறம் எடுக்கப்படவில்லை. இரண்டாவது முறை ஹவில்தார் அண்ணன் சொன்னபடி, பிஸ்டனைப் பிஸ்கட் டின் பக்கத்தில் வைத்து, மேலே அடிஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்ன பிறகே பணம் போட்டேன். ஹெட் பேக்கிங் ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. கோவையில் பேக்கிங் வெட்டுகிறவர் ஒருவர் பழையதை மாதிரி வைத்து, செம்புத் தகட்டில் கையாலேயே வெட்டிக் கொடுத்தார்.

முதல் ஸ்டார்ட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினில் தீப்பொறி 1-5-3-6-2-4 என்ற வரிசையில் போக வேண்டும். வரிசையெல்லாம் சரியாகத்தான் மாட்டியிருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் அரைச் சுற்றுத் தள்ளி உட்கார வைத்திருந்தேன். முதல் சிலிண்டர் காற்றை அழுத்தி முடிக்கும்போது வர வேண்டிய பொறி, புகையைத் தள்ளி முடிக்கும்போது வந்தது. கார்ப்ரேட்டர் வழியாக ஒரு நெருப்பு. பக்கத்துக் கம்பெனியில் சிங்கர் டெய்லர்களெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு மதில்மேல் ஏறிப் பார்த்தார்கள். ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். புருவம் போய்விட்டது. ஹவில்தார் அண்ணன் சாவகாசமாக, "எஞ்சின் நல்லா இருக்கு சார். ஃபயர் ஆவுதுல்ல? எடத்த மாத்திக் குடுங்க" என்றார்.

இந்த வேலை முழுக்க ஒரு பொருளுக்கு மட்டும் நான் யாரையும் கேட்டு நிற்கவில்லை. பனியன் வேஸ்ட். எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் மெக்கானிக் கை துடைக்கிற துணி பெரும்பாலும் எங்கள் கட்டிங் டேபிளில் மிச்சமானது. வெள்ளை வேஸ்ட்டுக்கு விலை அதிகம், கலர் வேஸ்ட்டுக்குக் குறைவு. தின்னரில் நனைத்தால் கலர் துணி சாயம் விட்டு, துடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சாயம் பிடித்தவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் அவமானமான விஷயம்தான். வீட்டில் மூட்டை மூட்டையாக வெள்ளை இருந்தது.

2013 வாக்கில் பட்டறைகள் பலவும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்து திரும்ப ஓடத் தொடங்கின. நான் பெரிய பட்டறைக்குத் திரும்பவில்லை. ஒரு சின்ன லேப் மட்டும் வைத்துக்கொண்டேன்; கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் ஷேடுக்கு லேப் டிப், அதாவது சாய மாதிரி, போட்டுக் கொடுப்பது. அந்த லேப்பில்தான் லாரியின் டூல் பாக்ஸ் மூடி ஒரு நாள் போய்ச் சேர்ந்தது.

எமரி தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த மூடியில் பெயிண்ட் அடுக்கடுக்காக வெளியே வந்தது. ஆலைக்காரர் அடித்த நீலம், ரெட் ஆக்சைடு, அதன் கீழ் ராணுவம் திரும்பத் திரும்ப அடித்த பச்சைகள். மூன்று பச்சை, மூன்றும் ஒரே பச்சை இல்லை. வெயிலில் பார்த்தால் இலைப் பச்சை போல இருந்தது, டியூப்லைட் கீழே கொண்டுபோனால் பழுப்பாக மாறியது. எங்கள் தொழிலில் இது தினப்படி வழக்கு. பகல் வெளிச்சத்தில் பொருந்திய ஷேடு கடை வெளிச்சத்தில் பிரிந்துவிடும். பையர் சரக்கைத் திருப்பிவிடுவான். அதற்காகவே லைட் பாக்ஸ் வைத்திருக்கிறோம், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு வெளிச்சம். மூடியை உள்ளே வைத்து ஸ்விட்சுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். இந்திய தரநிலையில் பெயிண்டுகளுக்கு எண் உண்டு; ஐஎஸ் 5 பட்டியலில் 220ஆம் எண் ஆலிவ் கிரீன். அந்தக் கார்டை வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன். நடுப் பச்சை மட்டும் கிட்டத்தட்ட வந்து உட்கார்ந்தது.

ஆலிவ் பச்சைக்குப் பச்சைச் சாயம் தேவையே இல்லை என்று சொன்னால் புதிதாக லேப்பில் சேரும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மஞ்சளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பைக் கலந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் கண் அதைப் பச்சை என்று ஒத்துக்கொள்ளும். பெயிண்டிலும் அப்படித்தான், பீக்கரிலும் அப்படித்தான். டி-ஷர்ட்டுக்கு நான் எத்தனையோ தடவை 'மிலிட்டரி கிரீன்' போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெயிண்டுக் கடையில் உட்கார்ந்து 220ஐக் கண்ணாலேயே கலக்க வைத்து, இரண்டு லிட்டர் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, இருபது வருஷம் கற்ற தொழிலை முதல் தடவையாக எனக்காகவே செய்தது போல இருந்தது.

டின்னைப் பார்த்துவிட்டு ஹவில்தார் அண்ணன் தலையை ஆட்டினார். "சார், இது அடிக்கக் கூடாது. சிவில் வண்டிக்கு ஓஜி கலர் கெடையாது."

நான் நம்பவில்லை. ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி 121. பாதுகாப்புத் துறையின் வண்டியைத் தவிர வேறு எந்த மோட்டார் வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. ஆக, மண்ணில் புதைந்து கிடந்தபோது இருந்த நீலம் சட்டப்படி சரி. அது பிறந்தபோது இருந்த நிறம்தான் குற்றம். விதியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ராணுவ வண்டி என்று நினைத்து நாம் வழி விடுகிறோம், கேட்டைத் திறக்கிறோம். அந்த மரியாதையை பெயிண்ட் டின்னில் யாரும் விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான். இருந்தாலும் அந்த டின்னை மூன்று நாள் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேறு என்ன நிறம்? வீட்டில் மெரூன் என்றார்கள். பிள்ளைகள் பளபளக்கும் கருப்பு என்றார்கள். லேத்துக்காரர் போனில், கோவை பஸ் மாதிரிச் சிவப்பு அடிங்க என்றார். கடைசியில் நான் அடித்தது காடா நிறம். நிட்டிங் மிஷினிலிருந்து இறங்கியதும், பிளீச்சுக்கும் போகாமல் சாயத்துக்கும் போகாமல் ரோலாகக் கிடக்குமே, அந்தப் பருத்தியின் மங்கல் வெள்ளை. ஒரு துண்டு காடாவையே கடையில் கொடுத்து அதற்குப் பொருத்தச் சொன்னேன். எளிதாக அழுக்காகும், அதற்கு நான் வாங்காத வசவு இல்லை. பானெட்டுக்கு உள்ளேயும், சீட்டுக்கு அடியிலும், டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்திலும் பழைய பச்சையை அப்படியே விட்டுவிட்டேன். அது நான் பூசியது இல்லை.

டெயில் போர்டைத் தேய்த்தபோது வெள்ளைப் பெயிண்டில் ஓர் அம்பு தெரிந்தது. ராணுவ வண்டியின் எண் அப்படித்தான் தொடங்கும். மேல்நோக்கிய அம்பு, பிறகு வண்டி படையில் சேர்ந்த ஆண்டின் இரண்டு இலக்கம், ஓர் எழுத்து, எண். பிரிட்டிஷ்காரன் தன் அரசாங்கச் சொத்தில் குத்திய அம்பின் வாரிசு அது. என் வண்டியில் அம்பும் '84'ம் மட்டும் மிச்சம் இருந்தன. ஹவில்தார் அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வருஷம் சீனியர் இது" என்றார். அதன் மேலும் காடா அடித்தாயிற்று.

வண்டியைக் கட்டுவது ஒரு வேலை, வைத்துக்கொள்வது வேறு வேலை. முதலாவதை என்னால் செய்ய முடிந்தது; இரண்டாவதை அவர்தான் கற்றுக்கொடுத்தார். ராணுவத்தில் டிரைவருக்கு ஒரு நாளில் மூன்று பரேட். வண்டி கிளம்புவதற்கு முன் ஃபர்ஸ்ட் பரேட். வழியில் நிற்கும்போது ஹால்ட் பரேட். திரும்பி வந்ததும் லாஸ்ட் பரேட். நான் முதலில் சிரித்தேன். வாரம் ஒரு முறை ஊத்துக்குளி வரை போய் வருகிற வண்டிக்கு மூன்று பரேடா? ஒரு தடவை தாராபுரம் போகும் வழியில் டீக்கு நிறுத்தினோம். டீயை வாங்காமல் அவர் நாலு சக்கரத்தின் ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். பின் இடது சக்கரத்தில் கையை உடனே எடுத்தார். வீல் சிலிண்டரில் பிஸ்டன் திரும்பாமல் பிரேக் கவ்விக்கொண்டிருந்தது. இன்னும் பத்துக் கிலோமீட்டர் போயிருந்தால் டிரம்மோடு லைனிங்கும் போயிருக்கும். அங்கேயே அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டுத் திரும்பினோம். டீ ஆறிவிட்டது.

லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும். நான் கணக்கு எழுதி வைப்பதை நிறுத்திவிட்டேன். 2019இல் தோனி ஒரு ஜோங்கா வாங்கினார் என்று செய்தி வந்ததும், கொறங்காட்டில் கிடந்ததைக் கண்டு சிரித்தவர்களே விலை கேட்டு வந்தார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் புதுத் தொல்லை. பழைய ரப்பர் அதைத் தாங்காது. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் ஊறிப்போய் ஒரு நாள் அவினாசி ரோட்டில் நின்றுவிட்டது. இப்போது ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலைத் தாங்குகிற ரப்பரில் மாற்றியாயிற்று. இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாவிட்டால் டேங்க்கில் பெட்ரோலை வைப்பதில்லை. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆர்சி புதுப்பிப்பு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. பழைய வண்டிக்கான அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கானது. கட்டிவிட்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

ஹவில்தார் அண்ணன் மகனோடு இருக்க ஊருக்குப் போய் நாலு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் முதலில் குடும்பத்தைக் கேட்பார், அடுத்து, "கீழ பார்த்தீங்களா சார்?" என்பார். ஃபர்ஸ்ட் பரேடில் முதல் வேலை வண்டிக்குக் கீழே குனிந்து தரையைப் பார்ப்பது. எங்கள் போர்டிகோ தரையில் ரெட் ஆக்சைடு போட்டிருப்பதால் சொட்டு விழுந்தால் நிறம் தெரியாது. அதனால் நான் ஒரு வழி கண்டேன். ராத்திரி எஞ்சினுக்குக் கீழே ஒன்று, கியர் பாக்ஸுக்குக் கீழே ஒன்று, நாலு சக்கரத்துக்கும் நாலு என வெள்ளை செகண்ட்ஸ் பனியனை விரித்து வைத்துவிடுவேன். காலையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். எஞ்சின் ஆயில் என்றால் கருப்பு, ஓரத்தில் பழுப்பாகப் பரவும். கியர் ஆயில் தேன் மாதிரி, நெருப்புக்குச்சி வாசனை அடிக்கும். பிரேக் ஆயில் என்றால் நிறமே இல்லாமல் ஈரம் மட்டும். அதைத்தான் தவறவிடக் கூடாது.

இன்று காலை முன்பக்கத்துப் பனியனில் ஐந்து ரூபாய்க் காசளவுக்கு ஒரு பொட்டு. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெளிர் பச்சை, நடுவில் கொஞ்சம் துரு. கூலன்ட். வாட்டர் பம்ப் சீல் போயிருக்கிறது. கணபதி லேத்துக்காரருக்குப் போன் போட்டேன். பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொன்னார்.